கொலஸ்ட்ரால் மாடல் கிட்: நாலு மாசம் வெச்சு பாடம் எடுத்த பிறகு

செல்லச் சுத்தி இருக்கற மெம்பிரேன், ரத்தத்துல கொலஸ்ட்ரால சுமந்துக்கிட்டு போற வண்டிங்களான எல்டிஎல், எச்டிஎல் மூணையும் கையாலயே கட்டிப் பாக்கற மாதிரி வர்ற மாடல் கிட் ஒண்ணு வாங்கி நாலு மாசம் ஆச்சு, ரெண்டு பேட்ச் பசங்களுக்கு இத வெச்சு கிளாஸும் எடுத்தாச்சு, அதனால இப்ப தைரியமா எழுதறேன். நான் முதல் வருஷ பசங்களுக்கு பயோகெமிஸ்ட்ரி எடுக்கறேன். லிப்பிட், அதாவது கொழுப்பு பத்தின பாடம் ஆரம்பிச்சாலே கிளாஸ் அமைதியாயிடும், புரிஞ்ச அமைதி இல்ல, எழுதி எடுத்துக்கற அமைதி. போர்டுல நாலு வளையம் வரைஞ்சு இதான் கொலஸ்ட்ரால்னா அத மனப்பாடம் பண்ணிட்டு போயிடுவாங்க, அது மெம்பிரேனுக்குள்ள எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு கேட்டா பதில் வராது.

இந்த கிட்டோட உயிரே அந்த கொலஸ்ட்ரால் துண்டுதான். மஞ்சள் கலர், நடுவுல வளையாத தட்டையான பகுதி, மூணு அறுகோணமும் ஒரு ஐங்கோணமும் ஒட்டினாப்ல. ஒரு முனையில சின்னதா சிலிக்கான் வால், அது நல்லா ஆடுது. இன்னொரு முனையில வெள்ளையா ஒரு காந்த மணி, அதான் ஓஎச் குரூப். 27 கார்பன் இருக்கற மூலக்கூறுல தண்ணிக்குப் பிடிச்ச இடம் அது ஒண்ணுதான். மெம்பிரேனோட முக்கியக் கொழுப்பான பாஸ்போலிப்பிட் துண்டுகள வரிசையா நிறுத்தி நடுவுல இத சொருகினா மணி போய் தலைப் பகுதி கிட்ட டக்குனு ஒட்டிக்குது, தலைகீழா சொருகினா நிக்கவே நிக்காது. அரை மணி நேரம் நான் பேசிப் புரிய வைக்கறத இந்த டக்குங்கற சத்தம் பண்ணிடுது.

அப்புறம் பாஸ்போலிப்பிட் துண்டு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வால், ஒண்ணு நேரா, இன்னொண்ணு நடுவுல கிட்டத்தட்ட 30 டிகிரி வளைஞ்சு, அது சிஸ் டபுள் பாண்ட், அதாவது வால வளைக்கற இரட்டைப் பிணைப்பு இருக்கற இடம். கொலஸ்ட்ரால் சொருகின பிறகு விரலால தடவிப் பாருங்க, வாலோட மேல் பாதி அந்த தட்டையான வளையத்துல மோதி ஆடாம நிக்குது, கீழ் பாதி முன்ன மாதிரியே தொளதொளன்னு இருக்கு. நேர் வால் மட்டும் வெச்சு கட்டினா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறுகிப் படிஞ்சுக்குது, அதுக்குள்ள நாலஞ்சு கொலஸ்ட்ரால விட்டா அந்த இறுக்கம் விட்டுடுது. சூட்ல ரொம்ப ஆடவும் விடாது, குளிர்ல உறையவும் விடாது, ரெண்டு வேலையும் ஒரே துண்டு. ஆனா புக்லெட்ல கொலஸ்ட்ரால் மெம்பிரேன கெட்டியாக்கும்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க, அது பாதிதான், மாடல் சரியா காட்டறத புக்லெட் தப்பா சொல்லுது.

அதே புக்லெட்ல 1925ல கோர்ட்டரும் கிரெண்டலும் ரத்த சிவப்பணுவோட கொழுப்ப தண்ணி மேல பரப்பி அளந்து, செல்லோட பரப்பு மாதிரி ரெண்டு மடங்கு வருதுன்னு கண்டுபிடிச்சத அழகா எழுதியிருக்காங்க, ரெண்டு அடுக்குங்கற விஷயம் அங்கிருந்துதான் வந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு சபாஷ்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எச்டிஎல் பகுதி. முதல்ல அது உருண்டை இல்ல, தட்டையான வட்டு, சுத்தி ஏ-ஒன் புரோட்டீன் பட்டி. செல்லுல இருந்து ஏபிசிஏ1 கேட் வழியா வந்த கொலஸ்ட்ரால அந்த வட்டுல செருகணும். அப்புறம் எல்கேட் என்சைம் பண்ற வேலைய நாமளே கையால பண்ணணும், பக்கத்துல இருக்கற பாஸ்போலிப்பிட்டோட வளைஞ்ச வால கழட்டி, கொலஸ்ட்ராலோட வெள்ளை மணிய எடுத்துட்டு அந்த இடத்துல வால மாட்டணும். அவ்வளவுதான், மணி போச்சு, தண்ணி பக்கம் நிக்க இனிமே ஒண்ணுமில்ல, துண்டு தானா நடுவுக்கு வழுக்கிடுது, இப்படி வால் மாட்டின கொலஸ்ட்ராலுக்கு எஸ்டர்னு பேரு, நாலஞ்சு எஸ்டர் உள்ள போனதும் வட்டு உப்பி உருண்டையாகுது. ஒரு வால இழந்த பாஸ்போலிப்பிட் தனியா கையில மிஞ்சும், அதுக்கும் லைசோலெசித்தின்னு பேரு இருக்கேன்னு பசங்களுக்கு அப்பதான் ஞாபகம் வருது. இதே சாக்குல டாஞ்சியர் நோய் பத்தியும் சொல்லிடுவேன், வர்ஜீனியால இருக்கற ஒரு சின்ன தீவோட பேரு, ஏபிசிஏ1 கெட்டுப்போனதால எச்டிஎல் கிட்டத்தட்ட இல்லாமலே போயி, எஸ்டர் சேந்து டான்சில் ஆரஞ்சு கலர்ல வீங்கிடும்.

எல்டிஎல் உருண்டை 22 சென்டிமீட்டர், நிஜத்துல 22 நானோமீட்டர்னு வெச்சா கணக்கு சுலபம். உள்ள 30 எஸ்டர், மேல 16 பாஸ்போலிப்பிட், 10 சாதா கொலஸ்ட்ரால், ஒரு துண்டுக்கு 50 மூலக்கூறு. பெருக்கிப் பாத்தா 1500, 800, 500, பாடத்துல வர்ற தோராயக் கணக்கே வந்துடுது. ஆனா சுத்தி ஓடற அபோபி-100 பட்டி மட்டும் ஒண்ணே ஒண்ணு, நிஜத்துலயும் 4536 அமினோ அமிலம் கோத்த ஒரே புரோட்டீன். விஎல்டிஎல்ங்கற பெரிய வண்டியா ஈரல விட்டுக் கிளம்பினதுல இருந்து எல்டிஎல்லா முடியற வரைக்கும் அது கழளாது. அதனால அபோபி எத்தனைன்னு எண்ணினா வண்டி எத்தனைன்னு தெரிஞ்சுடும், எல்டிஎல் கொலஸ்ட்ரால்னு ரிப்போர்ட்ல வர்றது வண்டிக்குள்ள இருக்கற சரக்கோட அளவு. ஒரே ரிப்போர்ட் நம்பர் இருக்கற ரெண்டு பேருக்கு வண்டி எண்ணிக்கை வேற வேறயா இருக்கலாம்.

இங்கதான் எனக்கு கோபம். எல்டிஎல்லுக்கு சிவப்பு ஓடு, எச்டிஎல்லுக்கு பச்சை ஓடு, புக்லெட்ல கெட்ட கொலஸ்ட்ரால், நல்ல கொலஸ்ட்ரால்னு பெருசா தலைப்பு. ரெண்டு உருண்டையையும் திறந்து பாருங்க, உள்ள ஒரே மஞ்சள் துண்டு! ரத்தம் தண்ணி, கொழுப்பு அதுல கரையாது, வண்டி வேணும், வித்தியாசம் வண்டியிலயும் அது போற ரூட்லயும்தான். எல்டிஎல் அதிகமா சுத்தும்போது ரத்தக்குழாய் சுவருக்குள்ள புகுந்து அங்கயே சிக்கிக்குது, ஆபத்து அது. எச்டிஎல் நம்பர் ஏறினாலே நல்லதுன்னும் சொல்லிட முடியாது, டார்செட்ராபிப்னு ஒரு மருந்து எச்டிஎல்ல நல்லா ஏத்தினது, ஆனா மருந்து எடுத்தவங்க பக்கம் சாவு கூடுதலா இருந்ததால 2006ல ட்ரையலையே நிறுத்திட்டாங்க. இவ்வளவு அருமையா ஒரே கலர்ல துண்டு செஞ்சவங்க தலைப்புல போயி இப்படி கோட்ட விட்டுட்டாங்களேன்னு ஆதங்கமா இருக்கு.

செல் மேல இருந்து எல்டிஎல்ல பிடிக்கற ரிசெப்டர் பகுதி ரொம்ப எளிமையா இருக்கு, ஒரு கொக்கி, ஒரு பை. எல்டிஎல் கொக்கில மாட்டினதும் பை உள்ள இழுத்துக்கும், உள்ள அமிலத்தன்மை கூடும், கொக்கி விட்டுடும், எல்டிஎல் செல்லுக்குள்ள செரிக்கற இடமான லைசோசோம் பெட்டிக்கு போகும், கொக்கி பத்து நிமிஷம் போல ஒரு சுத்து முடிச்சு மறுபடி மேல வந்துடும். பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985ல நோபல் வாங்கினது இந்த வழிய கண்டுபிடிச்சதுக்குத்தான். ஆனா இந்த கொக்கிய அழிய வைக்கற பிசிஎஸ்கே9 புரோட்டீன் கிட்ல இல்ல, பெரிய குறை. நான் சிவப்பு ரப்பர் பேண்ட் ஒண்ண கொக்கில சுத்தி விட்டு, இது மாட்டினா கொக்கியும் லைசோசோமுக்கே போயி அழிஞ்சுடும், மேல திரும்பாதுன்னு காட்டறேன். போன பேட்ச்ல ஒரு பொண்ணு அந்த ரப்பர் பேண்ட கையில வெச்சுக்கிட்டு, "மேடம், அப்ப எங்கப்பாவுக்கு ஒல்லியா இருந்தும் எல்டிஎல் அவ்வளவு ஏறினது கொக்கி பிரச்சனையா கூட இருக்கலாமா"ன்னு கேட்டா. இருக்கலாம்மா, பரம்பரையா வர்ற இந்த வகை சுமார் 250 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு, நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துருன்னு சொன்னேன். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த கிட்ட வாங்கினது சரின்னு நினைக்கறேன்.

மத்தபடி மெம்பிரேனோட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி துண்டுங்க, பாஸ்பாடிடைல்செரின் உள்பக்கம்தான் இருக்கணும், வெளிய வந்தா செல் சாகப்போகுதுன்னு அடையாளம், அதுக்கு வேற கலர் குடுத்திருக்கலாம். சாப்பாட்டுக் கொழுப்ப சுமக்கற கைலோமைக்ரான் வண்டி இல்ல, அது நியாயம், இந்த அளவுல செஞ்சா குறைஞ்சது முக்கால் மீட்டர் உருண்டை வரும். பேக்கிங் நல்லா இருந்தது. ரெண்டு துண்டுல காந்தம் ஒரு மாசத்துலயே கழண்டுச்சு, எழுதிக் கேட்டதும் மாத்திக் குடுத்தாங்க.

தனியா படிக்கறவங்களுக்கு ஒரு செட் போதும், கிளாஸுக்குன்னா பத்து பேருக்கு ஒரு செட்டாவது வேணும், இல்லன்னா பின்னாடி உக்காந்தவங்க வேடிக்கைதான் பாப்பாங்க. சின்னக் குழந்தைங்க இருக்கற வீட்ல மணிங்கள எட்டாத இடத்துல வைங்க, காந்தம் முழுங்கினா ரொம்ப ஆபத்து. ஆர்டர் பண்ணும்போதே வெள்ளை மணி எக்ஸ்ட்ரா கேட்டு வாங்கிடுங்க, அது உருண்டு போயிட்டா மணியும் இல்லாம வாலும் இல்லாம ஒரு மஞ்சள் துண்டு டேபிள்ல கிடக்கும், அத எந்தப் பக்கம் சேக்கறதுன்னு பசங்க குழம்பிடறாங்க.