அசோக் நகர் தெருவா, ஓ.எம்.ஆர். வளாகமா?

சென்னையில் வீடு தேடி அலைந்தபோது எங்கள் பட்டியலில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அசோக் நகரில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மறுவிற்பனைக்கு வந்த ஃபிளாட். மற்றொன்று, ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூருக்கு அருகே, சுற்றுச்சுவருக்குள் எழும்பியிருக்கும் புதிய அடுக்குமாடி வளாகம். நாங்கள் அசோக் நகரை வாங்கினோம். இதே இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு எங்கள் கணக்கு பயன்படக்கூடும்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாக முடித்துவிடலாம். அதே பணத்துக்கு நாவலூரில் கூடுதல் சதுர அடி, உறுதியான கார் பார்க்கிங், நீச்சல் குளம், ஜெனரேட்டர், காவலாளி எல்லாம் கிடைக்கும். அசோக் நகரில் கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, ஆனால் யு.டி.எஸ். எனப்படும், மனையில் நம் வீட்டுக்கு உரிய பங்கு அதிகம். மறுவிற்பனையில் அது கைகொடுக்கும் என்கிறார்கள்; நாங்கள் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை என்பதால் அதை அழுத்திச் சொல்லமாட்டேன்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது தெரு அமைப்புதான். 1960களில் திட்டமிட்டு உருவான அசோக் நகரில் எண்ணிட்ட அவென்யூக்களும் தெருக்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. நூறடி ரோடு நெரிசலில் நின்றுவிட்டால், ஆட்டோக்காரர் கேட்காமலேயே உள்தெருவுக்குள் திருப்பி, கே.கே. நகர் வழியாகவோ மேற்கு மாம்பலம் வழியாகவோ வெளியே கொண்டுவந்து விடுவார். மளிகை, மாவு, டெய்லர், மெட்ரோ நிலையம் என எதற்கும் நடந்து போக இரண்டு மூன்று வழிகள் உண்டு. அந்தத் திறப்பிலேயே அதன் குறையும் இருக்கிறது: குறுக்கு வழி தேடும் பைக்குகள் எங்கள் தெருவிலும் பறக்கின்றன, குழந்தைகளைத் தனியாக விளையாட விட முடிவதில்லை.

ஓ.எம்.ஆரின் அமைப்பு ஒரே அடிமரத்தில் தொங்கும் கிளைகளைப் போன்றது. எந்த வளாகத்திலிருந்து கிளம்பினாலும் அந்த ஒரு சாலையில்தான் வந்து சேர வேண்டும். கிழக்கே பக்கிங்காம் கால்வாய் குறுக்கே கிடக்கிறது, ஈ.சி.ஆர். எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகச் சோழிங்கநல்லூர்–அக்கரைச் சாலை, கேளம்பாக்கம்–கோவளம் சாலை என முக்கிய இணைப்புகள் சிலவே. மாதவரம்–சிறுசேரி மெட்ரோ தடத்துக்காக அந்தச் சாலையின் நடுவே தடுப்புகள் வைக்கப்பட்டபோது, விலகிச் செல்ல இணைச் சாலை இல்லாத பகுதிகளில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

நாங்கள் பார்த்த ஃபிளாட்டின் பால்கனியிலிருந்து, பின்சுவருக்கு அப்பால் ஒரு மருந்துக் கடையின் பெயர்ப்பலகையைப் படிக்க முடிந்தது. ஆனால் அங்கே போக வேண்டுமென்றால் வளாகச் சாலை முழுவதும் நடந்து, கேட்டைத் தாண்டி, ஓ.எம்.ஆருக்கு வந்து, அடுத்த வளாகத்தின் நீளமான மதிலைச் சுற்றிக்கொண்டு வேறொரு முட்டுச்சந்துக்குள் நுழைய வேண்டும். நேர்த்தூரத்துக்கும் நடைத்தூரத்துக்கும் உள்ள இந்த விகிதத்தையும், ஒரு சந்திப்பில் எத்தனை தெருக்கள் கூடுகின்றன, எத்தனை முட்டுச்சந்துகள் இருக்கின்றன என்பவற்றையும் கொண்டுதான் ஆய்வாளர்கள் தெரு இணைப்பை அளக்கிறார்கள். வயதான பெற்றோருடன் வாழ்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை.

இது பின்னால் சரிசெய்யக்கூடிய குறையும் அல்ல. மனைப்பிரிவுகளில் போடும் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால், நாளைக்கு அவற்றை அடுத்த மனைப்பிரிவோடு இணைக்க வழியிருக்கிறது. அடுக்குமாடி வளாகத்தின் உள்சாலையோ குடியிருப்போரின் சொத்து. மதிலில் ஒரு வாசல் திறக்க அவர்களில் பெரும்பாலோர் ஒப்ப மாட்டார்கள். ஜார்ஜ் டவுனில் கட்டடங்கள் பலமுறை இடிந்து எழுந்தும் தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் பழைய கோட்டிலேயே இருக்கின்றன. அதுபோல, இன்று போடப்படும் முட்டுச்சந்தும் நிலைத்துவிடும். 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டிருக்கும் நிலையில், புறநகர் முழுவதும் மதில்களாகவே வளர்ந்துவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

வெள்ளத்தில் எது மேல் என்று துணிந்து சொல்ல முடியாது. 2015இல் அசோக் நகரிலும் நீர் புகுந்தது; 2023 மிக்ஜாம் புயல் மழையில் ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் தத்தளித்தன. வெளியேறப் பல தெருக்கள் இருந்தால் அவற்றில் ஒன்றாவது மேடாக இருக்க வாய்ப்புண்டு என்ற அளவில்தான் என் நம்பிக்கை.

வளாகத்துக்குள் நான் குடியிருந்ததில்லை. அங்கே வாழும் உறவினர்கள், குழந்தைகளுக்குக் கிடைக்கும் சுதந்திரத்தைப் பெரிதாகச் சொல்கிறார்கள், அதை நம்புகிறேன். சிறுசேரி சிப்காட் தொழில் பூங்காவிலேயே வேலை என்றால் நாவலூர்தான் சரியான தேர்வாகவும் இருக்கலாம். அப்படி வாங்குபவர்கள், இரண்டாவது கேட் வேறொரு பொதுச்சாலையில் திறக்கிறதா, நடந்து போகிறவர்களுக்கு அது நாள் முழுவதும் திறந்திருக்குமா என்ற இரண்டையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள்.