சூரத்தி பஜாரில் மான்ஸ்டர் ட்ரக்: 1:64 எடுப்பதா, 1:24 எடுப்பதா?

ரங்கூனில் மான்ஸ்டர் ட்ரக், அதாவது ராட்சத டயர் மாட்டிய பந்தய லாரி பொம்மை வாங்கப் போகிறவர்கள் முதலில் வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். நான் லாரிப் பட்டறை வைத்திருப்பவன். அடிப்பக்கம் பார்க்காமல் எந்த வண்டிக்கும் விலை பேசமாட்டேன், பொம்மையானாலும் சரி.

நான் வாங்குவது சூரத்தி பஜாரில் ஒரு பாய் கடையில். சரக்கு நிறைய இருக்கிறது, பேரமும் படியும். ஆனால் அசலையும் நகலையும் ஒரே கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறார். கேட்டால், “எல்லாம் ஒண்ணுதாண்ணே, பிள்ளைங்க விளையாடத்தானே” என்கிறார். ஒன்றில்லை. அசலில் மேல்கூடு பெரும்பாலும் வார்ப்பு உலோகம். கையில் எடுத்ததும் கனம் தெரியும். அடித்தட்டில் கம்பெனிப் பெயரும் ஆண்டும் அச்சாகியிருக்கும். அந்த ஆண்டை வைத்து வண்டியின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். அது பெரும்பாலும் வார்ப்பு அச்சை வடிவமைத்த ஆண்டு. அதே அச்சில் பல வருஷம் கழித்தும் ஊற்றுவார்கள். என் மருமகனுக்கு வாங்கிய நகல் ஒன்றில் அச்சுக்கம்பி வளைந்து, சக்கரம் தோலாஜி (இங்கே கிராமத்தில் ஓடும் கைட்ராக்டர் வண்டி) மாதிரி ஆடிக்கொண்டே ஓடியது.

இனி அளவு. 1:64 என்றால் நிஜ வண்டியில் 64இல் ஒரு பங்கு, 1:24 என்றால் 24இல் ஒரு பங்கு. நிஜ மான்ஸ்டர் ட்ரக்கின் டயர் உயரம் 66 அங்குலம், அதாவது சுமார் 168 செ.மீ. 64 ஆல் வகுத்தால் 2.6 செ.மீ.; 24 ஆல் வகுத்தால் 7 செ.மீ. கடைக்கு ஸ்கேல் எடுத்துப் போய் அளந்து பார்த்துவிட்டுச் சண்டைக்கு நிற்காதீர்கள். பெட்டியில் போடும் எண் தோராயம்தான். பார்வைக்கு மிரட்ட வேண்டும் என்று டயரைப் பெருக்கி, உடம்பைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. மான்ஸ்டர் ட்ரக்குக்கு டயர்தானே அழகு?

தரையில் மோதி விளையாடும் பிள்ளைக்கு 1:24 கொடுங்கள். சேர்த்து வைக்கிறவனுக்கு 1:64 தான். அலமாரியில் இடம் அடைக்காது. ஒரு பெரிய வண்டி வாங்கும் காசில் சிறியது மூன்று நான்கு வந்துவிடும். ரகங்களும் அதில்தான் அதிகம். ரிமோட்டில் ஓடும் 1:15, 1:10 பக்கம் நான் போவதில்லை. நம் ஊர் கரண்டை நம்பி பேட்டரி சார்ஜ் போடுவது யார்?

சேகரிப்பு என்று வந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மான்ஸ்டர் ஜாம் என்பது அமெரிக்காவின் மான்ஸ்டர் ட்ரக் பந்தயக் காட்சி. அதன் வண்டிகளை 2018 வரை ஹாட் வீல்ஸ் பெயரில் மேட்டல் என்ற பொம்மைக் கம்பெனி செய்தது. 2019 முதல் அந்த உரிமை ஸ்பின் மாஸ்டர் என்ற இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டது. மேட்டல் ‘ஹாட் வீல்ஸ் மான்ஸ்டர் ட்ரக்ஸ்’ என்று தனி வரிசையில் தொடர்கிறது. ஆகவே மான்ஸ்டர் ஜாமின் கிரேவ் டிக்கர் வண்டியின் அட்டையில் ஹாட் வீல்ஸ் சின்னம் இருந்தால் அது பழைய சரக்கு. பேரம் பேசாமல் எடுத்துக்கொள்ளுங்கள், பாய்க்கு இந்தக் கதை தெரியாது.

கிரேவ் டிக்கர் 1982இல் டென்னிஸ் ஆண்டர்சன் உருவாக்கிய வண்டி. அந்தச் சிவப்பு முன்விளக்கு பொம்மையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிக்ஃபுட் வேண்டுமென்றால் மேட்டல் வரிசையில் தேடுங்கள். பாப் சாண்ட்லர் தன் 1974 ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பைக் கட்டி எழுப்பிய அந்த வண்டிதான் இந்தக் கூத்துக்கெல்லாம் பிள்ளையார் சுழி. ஸ்பின் மாஸ்டர் வண்டிகளின் டயரில் பி.கே.டி. என்று எழுதியிருக்கும். நிஜ மான்ஸ்டர் ஜாம் வண்டிகளுக்கு டயர் கொடுப்பதும் அந்த இந்தியக் கம்பெனிதான். டிராக்டர் டயரில் அந்தப் பெயரைப் பார்த்த எனக்கு பொம்மையில் பார்த்தபோது தனிச் சந்தோஷம்.

அட்டை பிரிக்காமல் வைத்தால்தான் பிற்பாடு விலை என்பார்கள். இங்கே மழைக்காலத்தில் அட்டை ஊதி வளைந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அதுவும் முடியாதென்றால் பிரித்து ஓட்டிவிடுங்கள். நான் பாதியைப் பிரித்துவிட்டேன்.

பாய் கடைக்கு ஐந்துக்கு மூன்று மார்க். கொக்கியில் தொங்குவதை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பழைய அட்டைகளைக் கல்லாவுக்குக் கீழே ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறார், கேட்டால்தான் எடுப்பார்.