சோனி எஃப்எக்ஸ்3க்கு அடுத்தது வர்ற வரைக்கும் பொறுக்கலாமா, இல்ல நிக்கான் இசட்ஆர், கேனன் சி50 பக்கம் போயிடலாமா?

போன மாசம் மட்டும் நாலு பசங்க போன் பண்ணி இதே கேள்விய கேட்டாங்க. "அண்ணே, எஃப்எக்ஸ்3 இப்ப எடுக்கலாமா, இல்ல அடுத்த மாடல் வருதாமே, வெயிட் பண்ணட்டுமா?" போன்ல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல, அதான் உக்காந்து எழுதிட்டேன். ஒண்ண மட்டும் மொதல்லயே சொல்லிடறேன், அடுத்த எஃப்எக்ஸ்3 பத்தி நான் இத எழுதற வரைக்கும் சோனி வாயே திறக்கல, அதனால அதப்பத்தி கீழ இருக்கறது எல்லாம் என் கணக்கு, ஏன் அப்படி கணக்கு போடறேன்னும் சேர்த்தே சொல்றேன். மத்த கேமராவெல்லாம் கடையில இருக்கற கேமரா, அதோட விவரம் எல்லாம் உள்ளது உள்ளபடி.

எஃப்எக்ஸ்3ங்கற இந்த வீடியோ கேமரா வந்தது 2021 பிப்ரவரில, அமெரிக்க விலை 3,899 டாலர், ஹேண்டிலோட. ஆனா உள்ள இருக்கற 12 மெகாபிக்சல் சென்சார் அதுக்கும் முன்னாடி 2020 ஜூலைல சோனியோடயே ஏ7எஸ்3 கேமராவுல வந்தது. அவ்ளோ பழைய சென்சார வச்சுக்கிட்டு இன்னிக்கும் வாடகைக் கடையில மொதல்ல புக் ஆகறது இதுதான்னா அதுக்கு ஒரே காரணம் ராத்திரி. ரிசப்ஷன்ல மேடையில லைட் கொட்டும், பத்தடி தள்ளி சாப்பாட்டுப் பந்தியில சீரியல் லைட்டும் ஒரு டியூப் லைட்டும்தான் இருக்கும், மாப்பிள்ளை பொண்ணு அங்க போய் தாத்தா பாட்டி கால்ல விழுவாங்க, நாம லைட்டத் தூக்கிட்டு ஓட முடியாது. எஃப்எக்ஸ்3ல எஸ்-லாக்3ல (அப்பறமா கலர் பண்றதுக்குன்னே தட்டையா எடுக்கற மோடு) ரெண்டு பேஸ் ஐஎஸ்ஓ, அதாவது சென்சார் நாய்ஸ் கம்மியா வேலை செய்யற அளவு, 800 ஒண்ணு, 12,800 ஒண்ணு. பட்டுனு 12,800க்கு மாத்தினா பாட்டியோட கருப்புக் கரை புடவை கருப்பாவே இருக்கும், அதுல கலர் புள்ளி ஓடாது. இத எத்தன கல்யாணத்துல பாத்திருக்கேன்னு கணக்கே இல்ல. 2023ல வந்த தி கிரியேட்டர் படத்த ஹாலிவுட்ல பெரும்பாலும் இதே கேமராவுலதான் எடுத்தாங்க, அதுக்கும் இந்த வெளிச்சம் கம்மியான இடத்துல வேலை செய்யற குணம்தான் பெரிய காரணம்.

சரி, அப்போ பிரச்சனை என்ன? 2025 செப்டம்பர் 9ம் தேதி கேனன் சி50, மறுநாளே 10ம் தேதி நிக்கான் இசட்ஆர். ரெண்டே நாள்ல மொத்தக் கணக்கும் மாறிடுச்சு. சி50 வந்தப்ப விலை 3,899 டாலர், எஃப்எக்ஸ்3 வந்தப்ப இருந்த அதே விலை, ஒரு டாலர் கூட மாறல, நேருக்கு நேர் நிக்கறதுக்குன்னே வச்ச விலை அது. இசட்ஆர் வந்தப்ப 2,199 டாலர். கீழ இருந்து ஒருத்தன், எதிர்ல இருந்து ஒருத்தன்.

இசட்ஆர் பத்தி கொஞ்சம் நிறையவே சொல்லணும். சினிமா கேமரா செய்யற ரெட் கம்பெனிய நிக்கான் 2024ல வாங்கினாங்க, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 2022ல ரெட் இதே நிக்கான் மேல காப்புரிமை வழக்கு போட்டிருந்தது. கேமராவுக்குள்ளயே கம்ப்ரெஸ் பண்ணி ரா (சென்சார் புடிச்சத பதப்படுத்தாம வைக்கறது) ரெக்கார்ட் பண்றதுக்கு ரெட் கிட்ட காப்புரிமை இருந்ததால பல கேமராக்கள் எச்டிஎம்ஐ வழியா வெளிய தனி ரெக்கார்டருக்கு ரா அனுப்பிட்டு இருந்துச்சு, ஆப்பிளே 2019ல அத எதிர்த்துப் பாத்து முடியல. இப்ப அந்தக் கம்பெனியே நிக்கான் வீட்டுக்குள்ள வந்ததும் ஆர்3டி என்இன்னு ஒரு வீடியோ ஃபார்மேட், 6கே, 60 ஃபிரேம் வரைக்கும், 12 பிட் ரா, உள்ளயே ரெக்கார்ட் ஆகுது. ரெட்டோட கலர் 2,199 டாலர்ல கிடைக்கும்னு அஞ்சு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

அத விட எனக்குப் பெருசா பட்டது சவுண்டு. 32 பிட் ஃப்ளோட், கேமராவுக்குள்ளயே, சாதா மைக் ஜாக்லயும் கூட. கல்யாணம் எடுக்கறவங்களுக்கு இது என்னன்னு ஒரே வார்த்தையில புரியும், கெட்டிமேளம். அய்யர் மெதுவா மந்திரம் சொல்லிட்டு இருப்பாரு, அதுக்கு லெவல் வச்சிருப்போம், திடீர்னு "கெட்டிமேளம் கெட்டிமேளம்"னு கை காட்டினதும் தவிலும் நாதஸ்வரமும் காதைப் பிளக்கும், மீட்டர் செவப்புல போய் ஒட்டிக்கும், தாலி கட்டற அந்த முப்பது செகண்ட் சவுண்டு கரகரன்னு போயிடும். ஒரு தடவ எனக்கு அப்படியே போச்சு, அந்தப் பொண்ணோட அப்பா வீடியோ பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, ஆனா அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கல. 32 பிட் ஃப்ளோட்ல அத எடிட்டுல கீழ இறக்கிக்கலாம், உள்ள விவரம் அப்படியே இருக்கும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, மைக்கே தாங்காம உடையற சத்தம்னா எத்தன பிட் இருந்தாலும் வராது, அதனால தவிலுக்கு ஒட்டி நின்னுட்டு கேமரா பாத்துக்கும்னு விட்டுடாதீங்க.

குறையும் இருக்கு. ஃபேன் கிடையாது, மே மாச வெயில்ல மண்டப வாசல்ல மாப்பிள்ளை அழைப்புக்கு 6கேல ஓட விட எனக்குப் பயம்தான். பேட்டரியும் கார்டும் ஒரே மூடிக்குள்ள அடியில இருக்கு, ட்ரைபாட் பிளேட்டோ கேஜோ போட்டா அதையெல்லாம் மனசுல வச்சுத்தான் வாங்கணும். ரெண்டாவது கார்டு மைக்ரோ எஸ்டி, ரா எல்லாம் அதுல ஏறாது, ரெண்டு கார்டுலயும் ஒரே நேரத்துல காப்பி வேணும்கிற எனக்கு இது உறுத்துது. எச்டிஎம்ஐ மைக்ரோ. நான் முன்னாடி வச்சிருந்த ஒரு கேமராவுல அந்தச் சின்ன போர்ட் ஜிம்பல்ல (கை ஆட்டத்த அடக்கற ஸ்டாண்டு) ஒயர் இழுத்து ஆட ஆரம்பிச்சிடுச்சு, மானிட்டர் மினுக் மினுக்னு போய் போய் வந்தது, டைரக்டர் பக்கத்துல நிக்கறாரு, அந்த டென்ஷன் வேணாம்னு அப்பறம் பெரிய போர்ட் இல்லாத கேமராவ மெயின் கேமராவா வைக்கறதே இல்ல. ஓப்பன் கேட்டும் (அது என்னன்னு கீழ சொல்றேன்) வந்தப்ப இல்ல. ஆனா சோனி லென்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு நல்ல சேதி, இசட் மவுண்ட் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல 16 மில்லிமீட்டர்தான், சோனிக்கு 18, அந்த ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளியில ஒரு மெல்லிசு அடாப்டர் போட்டு சோனி லென்ஸ ஆட்டோஃபோகஸோட ஓட்டலாம். அங்கேருந்து இங்க வர வழி இருக்கு, நிக்கான் இசட் லென்ஸ சோனில மாட்ட வழி இல்ல.

சி50 வேற ரகம். 32 மெகாபிக்சல், 7கே, ரா 60 ஃபிரேம் வரைக்கும் உள்ளயே, ஃபேன் இருக்கு, பெரிய எச்டிஎம்ஐ இருக்கு, பெரிய மைக் மாட்டற எக்ஸ்எல்ஆர் ஹேண்டில் கூடவே வருது. ஓப்பன் கேட் 3:2ல 7கே. ஓப்பன் கேட்னா சென்சார் முழுசையும் மேல கீழ வெட்டாம எடுக்கறது, இப்ப ஒவ்வொரு பார்ட்டியும் நீள வீடியோவோட நாலு ரீல்ஸும் கேக்கறாங்க இல்ல, ஒரே ஷாட்ல படுக்கையும் நிமிர்ந்ததும் ரெண்டும் எடுத்துக்கலாம், தலை வெட்டாம. இது வசதி மட்டும் இல்ல, காசு, ரீல்ஸுக்குன்னு தனியா ஒரு பையனக் கூட்டிட்டுப் போற செலவு மிச்சம். கேனனோட பழைய இஎஃப் லென்ஸ் எல்லார் பையிலயும் ஒண்ணு ரெண்டாவது கிடக்கும், அதுக்கு கேனன்லயே ஃபில்டர் சொருகற அடாப்டர் இருக்கு, அதுல வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கற வேரியபிள் என்டி ஃபில்டர் போட்டா லென்ஸுக்கு முன்னாடி ஃபில்டர் திருகற வேலையே இல்ல. குறை என்னன்னா கை ஆட்டத்த சரி பண்ற சென்சார் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, கையில புடிச்சு ஓடி ஓடி எடுக்கற நமக்கு அது பெரிய குறை. ராத்திரிக்கு ரெண்டாவது பேஸ் ஐஎஸ்ஓ 6,400, இசட்ஆருக்கும் ரால அதே 6,400தான், எஃப்எக்ஸ்3யோட 12,800க்கு ஒரு ஸ்டாப், அதாவது பாதி, கீழ. பந்தி வெளிச்சத்துல அந்த ஒரு ஸ்டாப் தெரியும்.

பிளாக்மேஜிக் பிக்ஸிஸ் 6கே 2,995 டாலர்ல 2024ல அறிவிச்சாங்க, ஷார்ட் ஃபிலிம் எடுக்கற பசங்களுக்கு நல்ல பெட்டி, எஸ்டிஐ வீடியோ போர்ட் இருக்கு, எடிட் பண்ற ரிசால்வ் ஸ்டுடியோ சாஃப்ட்வேரும் கூடவே வருது, ஆனா ஆட்டோஃபோகஸ நம்பி கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது. சோனியோட எஃப்எக்ஸ்2 2025 மே மாசம் 2,699 டாலருக்கு வந்தது, 4கே 60 ஃபிரேம் போனா சென்சார் க்ராப் ஆகுது, என்னால அத எஃப்எக்ஸ்3க்கு மாத்தா நினைக்க முடியல.

இப்ப அடுத்த எஃப்எக்ஸ்3. சோனிக்கு சென்சார்ல மூணு வழி இருக்கு. பழைய 12 மெகாபிக்சலயே மெருகேத்தி போடறது, அப்படிப் பண்ணா 4கே தாண்ட முடியாது, பக்கத்துல 6கே 7கேன்னு கூவறப்ப அது எடுபடாது. சோனியோட ஏ9 மார்க்3ல இருக்கற குளோபல் ஷட்டர் (முழு ஃபிரேமையும் ஒரே நேரத்துல படிக்கற) சென்சார் போடறது, ஃபிளாஷ் அடிச்சா பாதி ஃபிரேம் வெள்ளையா வர்ற தலைவலி போயிடும், ஆனா அதோட பேஸ் ஐஎஸ்ஓவே 250ல ஆரம்பிக்குது, இருட்டுல தோத்துடும், விலையும் 5,999 டாலர் கேமராவோட சென்சார். மூணாவது, பாதி ஸ்டாக் பண்ண (வேகமா படிக்கற) புது சென்சார், 2025 டிசம்பர்ல ஏ7 மார்க்5ல 33 மெகாபிக்சல்ல அந்த டெக்னாலஜியக் கொண்டு வந்துட்டாங்க. என் கணிப்பு இந்த மூணாவதுதான், ஆனா 33 இல்ல, 24 பக்கம், 6கே. ஏன்னா எஃப்எக்ஸ்3யோட பேரே இருட்டுலதான் நிக்குது, அத விட்டுக் கொடுத்தா இந்த மாடலுக்கே அர்த்தம் இல்ல. பிக்சல் கூடினா இருட்டுல கண்டிப்பா நாஸ்தி ஆகும்னு எல்லாரும் சொல்றாங்க, அது முழுசா சரியில்ல, 6கேல எடுத்து 4கேவுக்கு இறக்கினா நாய்ஸும் சேர்ந்து அமுங்கும். சந்தேகம் வேற இடத்துல இருக்கு, 12,800 மாதிரி உயரமான ரெண்டாவது பேஸ் ஐஎஸ்ஓ புது சென்சார்லயும் கிடைக்குமாங்கறதுதான். அது 6,400னு வந்தா நான் என் பழைய எஃப்எக்ஸ்3ய விக்க மாட்டேன், அவ்ளோதான்.

உள்ள ரா கண்டிப்பா வரும்னு நினைக்கறேன், 2,199 டாலர் கேமராவுல இருக்கறத 4,000 டாலர் கேமராவுல இல்லன்னு சொல்ல முடியாது. சோனியோட பெரிய சினிமா கேமரா வெனிஸ், புரானோல இருக்கற எக்ஸ்-ஓசிஎன் ரா ஃபார்மேட்டோட லேசான வகை ஒண்ணு இறங்கி வந்தா அருமை. பயம் கார்டுலதான். எஃப்எக்ஸ்3 சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ கார்டு, அதே ஸ்லாட்ல சாதா எஸ்டி கார்டும் போகும், அதான் நமக்கு இத்தன வருஷம் கட்டுப்படியாச்சு, 4கே 25 ஃபிரேம் ஆல்-இன்ட்ரால (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியா சேமிக்கறது) செகண்டுக்கு 250 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 112 ஜிபி கிட்ட. ரா போனா அது பல மடங்கு ஏறும், எஸ்டி தாங்காது, டைப் ஏ வாங்கணும், அது அதே அளவு டைப் பி கார்ட விட விலையும் ஜாஸ்தி வேகமும் கம்மி. விடிகாலை நலங்குலேருந்து ராத்திரி ரிசப்ஷன் வரைக்கும் எடுக்கற வேலைக்கு ரா யாரும் போடப் போறது இல்ல, ஆல்பம் பாட்டுக்கும் ஷார்ட் ஃபிலிமுக்கும்தான், அத மறந்துட்டு ராவுக்காக மட்டும் காசு கட்டாதீங்க.

ஓப்பன் கேட்? வரணும். ஏ7 மார்க்5ல அத கொடுக்கல, அது சினிமா வரிசைக்குன்னு ஒதுக்கி வச்ச மாதிரிதான் எனக்குத் தெரியுது. உள்ள எலக்ட்ரானிக் என்டி வருமான்னு எல்லாரும் ஆசைப்படறாங்க, எனக்கும் ஆசைதான், ஆனா அது சோனியோட அடுத்த பெரிய கேமரா எஃப்எக்ஸ்6ல இருக்கற பெரிய பலம், அத இதுல வச்சா அந்தக் கேமராவ யார் வாங்குவா, அதனால வராதுன்னுதான் தோணுது.

விலை. ஏ7 மார்க்4 2,499லேருந்து மார்க்5 2,899க்குப் போச்சு, 400 ஏறிச்சு. அதே மாதிரி 3,899 மேல 400 வச்சா 4,299. என் கணக்கு 4,299லேருந்து 4,499 டாலருக்குள்ள, ஹேண்டிலோட. 5,000 தொட்டா சி50 கிட்ட நேரா ஆள அனுப்பி வைக்கற மாதிரி ஆயிடும், எஃப்எக்ஸ்6 2020ல 5,999க்கு வந்தது, அதுக்கும் ரொம்ப நெருக்கமா போயிடும். நம்ம ஊருக்கு வர்றப்ப டாலர் ரேட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியும் மேல ஏறும், கூடவே ரெண்டு டைப் ஏ கார்டு, அதையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போடணும், பாடி விலைய மட்டும் பாத்து கடன் வாங்கிடாதீங்க.

அந்த நாலு பசங்களுக்கும் தனித்தனியா இப்படித்தான் சொன்னேன். ஒருத்தன் கிட்ட ஒண்ணுமே இல்ல, மொத கேமரா, ஷார்ட் ஃபிலிமும் சின்னச் சின்ன ஃபங்ஷனும், அவன இசட்ஆர் எடுக்கச் சொன்னேன், மிச்சக் காசுல ஒரு நல்ல மைக்கும் ஒரு லென்ஸும். ஒருத்தன் இஎஃப் லென்ஸ் குவிச்சு வச்சிருக்கான், விளம்பரமும் ரீல்ஸும்தான் தொழில், அவனுக்கு சி50, கூட ஒரு ஜிம்பல். ரெண்டு பேர் ஏற்கனவே எஃப்எக்ஸ்3 வச்சு கல்யாணம் ஓட்டறாங்க, அவங்கள அசையாம இருக்கச் சொன்னேன், புதுசு வந்து யாராவது இருட்டுல 12,800 பக்கம் போட்டுக் காட்டற வரைக்கும். அதுல ஒருத்தன் ரெண்டு பாடி வச்சிருக்கான், ஒண்ண விக்கறதா இருந்தா ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னாடியே வித்துடுன்னு சொல்லியிருக்கேன், சீசன் தொடங்கறப்ப செகண்ட் ஹேண்டுக்கு ஆள் தேடி வருவான், புது மாடல் அறிவிப்பு வந்த மறுநாள் அதே ஆள் பாதி ரேட்டு கேப்பான்.