டிராக்கில் ஆயில் குடித்த எஸ்டீம்: மூன்று வருட பிரீதர் அனுபவம்

என்னிடம் இருப்பது மாருதி எஸ்டீம், 1298 சிசி, 16 வால்வு எஞ்சின். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றாமல் ஓட்டிக்கொண்டேதான் போவேன், அதிலேயே திரும்பி வருவேன். எஞ்சினிலிருந்து பிரீதர் ஹோஸ் (உள்ளே சேரும் வாயு மூச்சு விடுகிற குழாய்) வழியாக வெளியேறும் ஆயிலைப் பிடித்து வைக்கிற டப்பாதான் கேட்ச் கேன். அதை வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் கடைசியாக வாங்குங்கள். நான் முதலில் வாங்கியதில் ஒரு வருடம் போய்விட்டது.

ரோட்டில் 1000 கிலோமீட்டர் ஓட்டினாலும் இந்த எஞ்சினில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) அளவு இறங்காது. டிராக்கில் 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, ஆறவிட்டுப் பார்த்தால் 400 மில்லி குறைந்திருக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவின் அடியில் ஆயில் தேங்கி நிற்கும், எஞ்சினுக்குள் போகிற காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் பாடி உள்ளே கருப்பாக வழவழவென்று இருக்கும். நீளமாக பிரேக் பிடித்து வளைவுக்குள் போகும்போது நீலப் புகை வருகிறது என்று பின்னால் வந்த நண்பர் சொன்னார்.

பெட்ரோல் எரியும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிற வாயுவை நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அது எல்லா எஞ்சினிலும் உண்டு. நிதானமாக ஓட்டும்போது இன்டேக்கில் (காற்று உள்ளே போகிற வழி) இருக்கிற உறிஞ்சல், பிசிவி வால்வு என்கிற ஒருவழி வால்வு வழியாக அதை இழுத்துவிடும், எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரில் இருக்கிற பிரீதர் ஹோஸ் வழியாக நல்ல காற்று உள்ளே வரும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கதை தலைகீழ். அந்த உறிஞ்சல் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது, வாயுவோ அப்போதுதான் அதிகம், அதனால் நல்ல காற்று வரவேண்டிய அதே ஹோஸ் வழியாக அது வெளியே தள்ளுகிறது, போகிற போக்கில் ஆயிலையும் தூக்கிக்கொண்டு போகிறது.

இதோடு வளைவும் சேர்ந்துகொள்ளும். இருங்காட்டுக்கோட்டை 3.717 கிலோமீட்டர், கடிகாரச் சுற்று, அதனால் வலது வளைவுகள்தான் அதிகம். ஸ்ட்ரெய்ட் முடிந்து முதல் வளைவான சி1-க்குள் வேகமாகத் திரும்பும்போது ஆயில் எல்லாம் காரின் இடது பக்கம் ஒதுங்கும். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருப்பதால் ஹெட்டின் (எஞ்சினின் மேல் பாகம்) ஒரு முனையில் போய்ச் சேரும். ஹெட்டிலிருந்து ஆயில் கீழே இறங்குகிற துளைகள் வழியாகத்தான் வாயு மேலே ஏறுகிறது. அது ஏறினால் இது இறங்காது. ரோட்டுக்காகச் செய்த எஞ்சினை இதற்காகக் குறை சொல்ல முடியாது.

ஆன்லைனில் வாங்கிய முதல் கேன் பார்க்க அழகாக இருந்தது. திறந்தால் உள்ளே வெறும் டப்பா, தடுப்பு எதுவும் இல்லை, ஹோஸ் மாட்டுகிற நிப்பிளின் உள் விட்டம் 8 மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் ஹோஸில் கொண்டுபோய் அதை மாட்டினால் வழி நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆயில் குறைவது நிற்கவில்லை, மேற்கொண்டு உள்ளே அடைபட்ட வாயு தள்ளி டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பியது, கிராங்க் ஆயில் சீலிலும் கசிவு வந்தது.

அப்புறம்தான் என் காருக்கு வேலை பார்க்கிற மெக்கானிக் அண்ணனிடம் போனேன். "தம்பி, உள்ளே எவ்வளவு பிரஷர் நிக்குதுன்னு பார்த்தியா?" என்று கேட்டார். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய ஆயில் மூடி ஒன்று வாங்கித் துளைத்து நிப்பிள் வைத்தோம். மீன் தொட்டிக்குப் போடுகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூபை அதில் மாட்டி, மறுமுனையை யு வடிவில் வளைத்து டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டி, பாதிவரை கலர் தண்ணீர் ஊற்றினோம். அவ்வளவுதான் மீட்டர். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல். மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மடியில் தண்ணீர் கொட்டியது. கேனைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் 18 சென்டிமீட்டர். அடைப்பு ஹோஸுக்கு முன்னாலேயே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

டேப்பட் கவரின் உள்பக்கம் பிரீதருக்குக் கீழே ஒரு தகடு அறை இருக்கிறது, ஆயிலை அங்கேயே பிரித்துவிட. கவரை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து மறுநாள் தட்டினால் எள்ளுப் புண்ணாக்கு மாதிரி கட்டி கட்டியாக விழுந்தது. ஹெட்டின் இறங்கு துளைகளிலும் அதே அழுக்குதான். பிசிவி வால்வைக் கழற்றிக் காதுப் பக்கம் ஆட்டினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும், என்னுடையது ஊமையாக இருந்தது, திறந்த நிலையிலேயே சிக்கியிருந்தது. பிரேக் பிடிக்கும்போது வந்த புகைக்குக் காரணம் அதுதான். வால்வு மாற்றியதும் நின்றது. சிலிண்டருக்குள் காற்றடித்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிற லீக் டவுன் டெஸ்டும் எடுத்தோம், நாலு சிலிண்டரும் 8 முதல் 11 சதவீதம். அது 20-ஐத் தாண்டியிருந்தால் ரிங் வேலைதான் பார்த்திருக்க வேண்டும், எந்தக் கேனும் உதவாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் இரண்டாவது கேன். அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங், 2 லிட்டர், 19 மில்லிமீட்டர் நிப்பிள். வாயு பக்கவாட்டில் நுழைந்து சுவரை உரசிச் சுற்றும், துளைத் தகடு இரண்டுக்கு நடுவே மடித்து வைத்த ஸ்டீல் வலை வழியாக ஏறி, ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிற பைப்புக்கே திரும்பும். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணிக்காதீர்கள். இழை பிய்ந்தால் நேராக எஞ்சினுக்குள் போகும். பிசிவியை அடைக்காமல் விட்டிருக்கிறேன், ரோட்டிலும் ஓடுகிற காரில் ஈரத்தை வெளியேற்ற அது வேண்டும். பந்தயத்துக்குத் திறந்த பிரீதர் (வாயுவை இன்டேக்குக்குத் திருப்பாமல் வெளியே விடுவது) வைப்பவர்கள் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அப்பென்டிக்ஸ் ஜே விதியைப் பாருங்கள்: 2000 சிசி வரை 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் டேங்க், உள்ளே இருக்கிற அளவு வெளியிலிருந்து தெரிய வேண்டும். நம்முடைய ஆயில் சி1-இல் சிந்தினால் பின்னால் வருகிறவர் உயிருக்கே ஆபத்து, இதை மட்டும் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது அதே ட்யூபில் 6 சென்டிமீட்டர். 20 நிமிடத்துக்கு 50 மில்லிக்கும் குறைவு, அதிலும் பாதி கேனில் கிடைக்கிறது. பால் காபி நிறத்தில் இருக்கும், தண்ணீரும் பெட்ரோலும் கலந்தது, திரும்ப எஞ்சினில் ஊற்றக் கூடாது. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவதையும் விட்டுவிட்டேன். குறையும் என்று முன்கூட்டியே அதிகம் ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கி இன்னும் வேகமாக வெளியே அனுப்பும். பிரீதர் ஹோஸ் சூட்டில் ஒரு வருடத்தில் கெட்டுவிடுகிறது, உறிஞ்சலில் உள்பக்கம் சப்பிக்கொள்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் டிராக்குக்குக் கிளம்புகிறேன்.