யூரின் போத்தல்: பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா?

பாரிசவாதத்தில் அப்பாவுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, இரவில் அவரை மலசலகூடத்துக்குக் கூட்டிப் போவது பெரும்பாடாகிவிட்டது. வன்னியில் பல வீடுகளில் அது பின்வளவில்தான் இருக்கிறது. மாரியில் சேறு, போதாததற்குப் பாம்புப் பயம். கட்டிலடிக்கு ஏதாவது வேண்டுமென்று வவுனியாவில் தேடியபோது கண்ணில் பட்டவை நாலு: மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல், எவர்சில்வர் போத்தல், ஆணுறை மாதிரி மாட்டிப் பையோடு இணைக்கும் குழாய், பம்பஸ். நாங்கள் பிளாஸ்டிக்கை எடுத்தோம். இன்னொருவர் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பம்பஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாளும் காசு, வைகாசி வெக்கையில் தோல் அவிந்துபோகும். "என்னைக் குழந்தைப்பிள்ளை ஆக்கிப் போட்டியளே" என்று அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். தூரப் பயணத்துக்கு மட்டும் சரி.

ஆணுறைக் குழாய், போத்தலைப் பிடிக்கக் கையில் வலு இல்லாத ஆண்களுக்கு நல்லது. இரவுப் பை 2 லீற்றர் பிடிக்கும், வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும், நாளாந்தம் மாற்ற வேண்டும், தோல் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும், பை எப்போதும் சலப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். நாங்கள் இதைக் கொஞ்சக் காலந்தான் பாவித்தோம், ஆகவே இதற்கு மேல் அடித்துச் சொல்லமாட்டேன். போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். சலம் முட்டுவதே தெரியாதவர்களுக்குப் போத்தலோ இந்தக் குழாயோ மட்டும் போதாது. ஒழுகிக்கொண்டிருந்தாலும் உள்ளே சலம் தேங்கி நிற்கலாம். அதைக் கிளினிக்கில் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மிச்சம் இரண்டு போத்தல்கள். எவர்சில்வர் வெடிக்காது, நாற்றத்தை உறிஞ்சாது, கொதிநீரில் அவிக்கலாம். ஒருமுறை வாங்கினால் பிள்ளை குட்டி காலம்வரை கிடக்கும் என்று கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் நான் பார்த்த எதற்கும் மூடி கிடையாது. சாமத்தில் கைதவறி விழுந்தால் வீடு முழுக்க எழும்பும். சீனி வருத்தக்காரர் என்றால் விடிவதற்குள் எறும்பு வேறு மொய்க்கும்.

இதெல்லாம் சின்ன விசயங்கள். எனக்கு முடிவைத் தந்தது கழுவுகிற வேலை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினத் தண்ணீர், கேத்தலுக்குள் வெள்ளையாய்ப் படிவதை இங்கே எல்லோரும் பார்த்திருப்போம். சலம் கொஞ்ச நேரம் நின்றாலே கிருமிகள் அதிலுள்ள யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும். மூக்கில் அடிப்பது அதுதான். அதோடு சலத்திலும் தண்ணீரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்துப் பிரிந்து சுவரில் ஒட்டும். ஒட்டியதற்கு மேல் இன்னும் ஒட்டும், அதற்குள் கிருமி குடியிருக்கும். எவர்சில்வரில் இது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கழுத்து வளைந்து ஒடுங்கியிருப்பதால் பிரஷும் மூலைக்குப் போகாது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே என்னவென்று மணந்து பார்த்துத்தான் அறிய வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக்கைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்தால் படிவு எங்கே தொடங்குகிறது என்று அப்படியே தெரியும்.

தெரிந்தால் வேலை சுலபம். ஊற்றியவுடன் பச்சைத் தண்ணீரால் அலசல், இரவில் சவர்க்காரத் தண்ணீர், கிழமைக்கு ஒருமுறை தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டு ஊறவைத்துக் குலுக்கல். படிவு கரைந்து வந்துவிடும். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை இந்தப் புளியோடோ வினாகிரியோடோ மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். சலம் மிச்சமிருக்கும் போத்தலுக்குள்ளும் அதைப் போடக் கூடாது. ஆடி ஆவணியில் கிணறு வற்றிப் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்கும் நாட்களிலும் இந்த முறைக்கு அதிகம் தண்ணீர் செலவாகாது.

வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 இருந்தால் சூட்டைத் தாங்கும் வகை. 2 என்றால் கொதிநீர் ஊற்ற வேண்டாம், உருக்குலையும். கைபிடி பக்கவாட்டில் இருக்கட்டும். மூடி ஒற்றைக் கையால் திறக்குமா என்று கடையிலேயே முயன்று பாருங்கள். அப்பா இப்போது கட்டில் சட்டத்தில் கொழுவியிருக்கும் கம்பியிலிருந்து இடக்கையாலேயே எடுத்துக்கொள்கிறார். முன்பு எங்களை எழுப்பக் கூச்சப்பட்டு, பின்னேரத்தோடு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார். சிறுநீரக வருத்தம் மலிந்த வவுனியாப் பக்கத்தில் அது விளையாட்டில்லை. இப்போது நிறத்தைப் பார்த்தே, "இண்டைக்குத் தண்ணி காணாது, அப்பா" என்று சொல்ல முடிகிறது. அளவுக்கோடும் இருப்பதால் கிளினிக்கில் எவ்வளவு போகிறது என்று கேட்டால் பதில் உண்டு.

பெண்களுக்கு வாய் அகன்ற போத்தல் தனியாக வருகிறது. படுத்த நிலையில் அது சிந்துகிறது, பெட்பான்தான் வசதி என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். அவரே கையாண்டவர், அவர் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக்கின் உண்மையான குறை, ஆயுள். உட்புறம் கீறல் விழுந்து, புளியில் ஊறவைத்தும் மணம் நின்றால் எறிய வேண்டியதுதான். விலை குறைவு என்பதால் இரண்டாக வாங்கினோம், ஒன்று வெயிலில் காயும்போது மற்றது கட்டிலில். எறியும்போது அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள்.