ஆண்டுக் கட்டணமா, எரிபொருள் வரியா?

வீதிச் செலவை வாகனக்காரரிடம் எப்படி அறவிடுவது நியாயம்?

அறவிடல்: இலங்கையில் வாகனத்துக்கான வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுக் கட்டணம் செலுத்தி ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், எரிபொருள் வரி நிரப்பும்போதே சேர்ந்துவிடும்.

பாவனை: மாதமொருமுறை முல்லைத்தீவிலிருந்து வவுனியா செல்பவரும், ஏ9 வீதியில் நாள்தோறும் ஓடுபவரும் ஒரே வகை வாகனத்துக்கு ஒரே ஆண்டுக் கட்டணத்தையே செலுத்துகின்றனர், எரிபொருள் வரியோ ஓட்டத்துக்கேற்பக் கூடும். ஆனால் வீதியில் ஏறாமல் வயலை உழும் உழவு இயந்திரத்தின் டீசலுக்கும் அந்த வரி விழுவதுதான் வன்னி விவசாயிக்கு உறுத்தல். மின் வாகனம் தப்பிவிடும்.

தேய்மானம்: அச்சுச் சுமை (சக்கரங்களை இணைக்கும் ஓர் அச்சு வீதியில் இறக்கும் பாரம்) இரட்டித்தால் வீதிச் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும், லொறி குடிக்கும் எரிபொருள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

எனவே, நெல்லும் மணலும் ஏற்றும் பாரவூர்திகளுக்கு நிறையை வைத்து நிர்ணயித்த ஆண்டுக் கட்டணமும், மோட்டார் சைக்கிளுக்கும் காருக்கும் எரிபொருள் வரியும் பொருந்தும் என்பதே என் கணிப்பு.