மலையேறக் கணுக்கால் பூட்ஸா, ட்ரெயில் சப்பாத்தா?

சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர் போயாவோடு தொடங்கி வெசாக் வரை போகும். அது நெருங்கினாலே கொழும்பில் எங்கள் வட்டத்தில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். நான் ட்ரெயில் சப்பாத்து, அதாவது கணுக்காலை மூடாத மலைப்பாதைச் சப்பாத்து, வாங்கிவிட்ட ஆள். ஆகவே நடுநிலைத் தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பூட்ஸ் பாரம், விலையும் கூட. ஆனால் கூரான கல் காலில் உறைக்காது, கணுக்காலுக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். ட்ரெயில் சப்பாத்து இலேசு. ஓடையில் நனைந்தாலும் நடக்க நடக்கக் காய்ந்துவிடும். பூட்ஸுக்குள் மேல்வழியாகத் தண்ணீர் புகுந்தால் அன்று முழுக்கச் சளக் சளக்தான். அட்டைக்கு இரண்டும் ஒன்று. முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் அட்டை சொக்ஸ்தான் காப்பாற்றும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது மலை அல்ல, கொழும்பு வீட்டு அலுமாரி. பல பூட்ஸ்களில் காலுக்கும் ரப்பர் அடிக்கும் நடுவே இருக்கும் மெத்தை பொலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போடாமல் பத்திரமாக வைத்தாலும் விடாது. நம் கடற்கரைப் புழுக்கத்தில், வருடத்துக்கு ஓரிரு முறை மட்டும் வெளியே வரும் பூட்ஸின் கதியை யோசித்துப் பாருங்கள். மேலே தோல் புதிது போல மினுங்கும். உள்ளே நடப்பது தெரியாது. சிவனொளிபாத மலையின் நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்கும்போது, கூட வந்த ஒருவரின் பூட்ஸ் வாயைப் பிளந்தது. தொட்டுப் பார்த்தால் நடு மெத்தை தேநீரில் ஊறிய பிஸ்கட் போல உதிர்கிறது. புறக்கோட்டையில் ஒட்டித் தருவார்கள்தான், ஆனால் உதிர்கிற பொருளில் எந்தப் பசை நிற்கும்? அடியையே முழுதாக மாற்ற வேண்டும்.

ட்ரெயில் சப்பாத்துகளில் நடு மெத்தை பெரும்பாலும் ஈ.வி.ஏ. எனும் வேறு வகை நுரை. அது ஈரத்துக்கு இப்படி உதிராது. ஆனால் நாளடைவில் தட்டையாகிவிடும், பசை விடுவதும் உண்டு. அப்போது தூக்கிப் போட்டாலும் பூட்ஸ் அளவுக்கு மனம் வலிக்காது.

பூட்ஸ்தான் வேண்டும் என்றால் ஈ.வி.ஏ. வைத்த பூட்ஸும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் சோடியை, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, நடு மெத்தையின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் அதோடு மலைக்குப் போக வேண்டாம். தெரியாவிட்டாலும் காலி வீதியில் ஒரு மணிநேரம் போட்டு நடந்து பாருங்கள்.

நான் சொல்வதெல்லாம் காலையில் ஏறி மாலையில் இறங்கும் பயணத்துக்குத்தான். கூடாரமும் சமையல் சாமானும் முதுகில் சுமந்து நான் நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் தங்கியதில்லை. அப்படிப் போகிறவர்கள் பூட்ஸ்தான் என்றால் வாதாட மாட்டேன். முன்பு கணுக்கால் பிசகியவர்களும் வைத்தியரைக் கேட்டே முடிவெடுக்கட்டும்.

எதை வாங்கினாலும் அரை அளவு பெரிதாக எடுங்கள், இறக்கத்தில் விரல் முன்னே போய் இடிக்கும். நகத்தையும் வெட்டிவிடுங்கள். அப்புறம், மாற்று சொக்ஸை மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனால் ஹோர்ட்டன் சமவெளி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.